எடுத்துக் கொடுக்காதவர்

அவருடைய நோட்டுப் புத்தகத்தில் சில வரிகளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறிய சுழி இருக்கும். அவர் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் அதை ஏதோ பக்தி சம்பந்தமான பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் கேட்டேன்.

"அது அவங்க சொன்னது இல்ல சார். நான் எடுத்துக் குடுத்து, அவங்க ஆமான்னது. செய்தியில அதப் போட மாட்டேன்" என்றார்.

நான் அப்போது ஒரு நாளிதழின் புதுச்சேரிப் பதிப்பில் செய்தி மேசையில் இருந்தேன். நிருபர்கள் அனுப்புவதை வெட்டி, சேர்த்து, தலைப்பு வைத்துப் பக்கத்துக்கு அனுப்புகிற வேலை. நான் ஓய்வு பெறும்வரை ஏழு வருடம் அவருடைய செய்திகள் என் கை வழியாகத்தான் போயின. அவர் சுழி போடுகிற மாதிரி வரிகளை மட்டும் வைத்தே மற்ற நிருபர்கள் ஒரு முழுப் பக்கம் நிரப்புவார்கள். "நீதி கிடைக்கணும்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். எதிரில் இருப்பவர் தலையாட்டுவார். மறுநாள் 'நீதி வேண்டும் என்று ஆவேசம்' என்று வரும். அதைத் தவறென்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் வாசகர்கள் கைபேசியில் தேடுவார்கள். முதலில் வருவது மாலை போட்ட ஒரு படம். அது அவர் இறந்தபோது எடுத்தது அல்ல. அதற்குப் பல வருடங்களுக்கு முன், சென்னையில் ஒரு படப்பிடிப்பு வீட்டின் சுவரில் ஆணியடித்து மாட்டியது. போன வருடம் அவர் நிஜமாகவே இறந்தபோது எல்லா இணையதளங்களும் அந்தப் படத்தைத்தான் போட்டன.

ஐந்து வருடம் ஒரு தொலைக்காட்சித் தொடரில் நாத்தனாராக நடித்தவர் அவர். அண்ணன் மனைவி வைத்த குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டுகிற, வளையலைத் தானே ஒளித்து வைத்துவிட்டு அவள் மேல் திருட்டுப் பட்டம் கட்டுகிற நாத்தனார். ஊரில் யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. ஆட்டோக்காரர் முதல் கவுன்சிலர் வரை நாத்தனார்தான்.

நடிப்பை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கப் போன கதையைச் சொல்வார். படப்பிடிப்பு இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்து இங்கே புதுச்சேரிக்கு வந்திருந்தார். முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டுதான் போயிருக்கிறார். மீன்காரம்மா கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னாம்மா நாத்தனாரே, நேத்து அந்தப் பொண்ண மலடின்னு சொன்னியே, உனக்கே அடுக்குமா?"

"அது நான் சொல்லலம்மா. எழுதிக் குடுத்தாங்க."

"எழுதிக் குடுத்தா சொல்லிடுவியா?"

"பக்கத்துல ஒக்காந்து ஒருத்தர் படிப்பாரு. நான் திருப்பிச் சொல்லுவேன், அவ்ளோதான். டிவியில கேக்குதே, அது என் குரல் கூட இல்ல. வேற ஒருத்தங்க பேசுறாங்க."

மீன்காரம்மா வஞ்சிரத்தைத் துண்டு போடுவதை நிறுத்தவில்லை. "குரல் எவளுதோ இருக்கட்டும். வாய் உன்னுதுதானே?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மீன்காரம்மா ஒரு துண்டு கூடுதலாகவே போட்டுப் பையை நீட்டினார். "தின்னு. ஒடம்புல ஒன்னுமே இல்ல. ஊர்ல இருக்கறவள எல்லாம் திட்டணும்னா தெம்பு வேணாமா?"

இந்தக் கதையை அவர் சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்வார். கடைசி வரியில் மட்டும் சிரிக்க மாட்டார்.

தொடர்களில் தினம் ஒரு பகுதி எடுத்தாக வேண்டும். வசனத்தை மனப்பாடம் செய்ய நேரம் இருக்காது. கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் உட்கார்ந்து வரியை உரக்கப் படிப்பார். நடிகை ஒரு நொடி பிந்தி அதையே சொல்வார். இவர் அதில் பேர்போனவர். எவ்வளவு நீள வசனமானாலும் ஒரே டேக். "வார்த்த காதுல நுழையும்போதே வாயில வந்துடும் சார். நடுவுல மண்டைக்கு வேலையே கெடையாது" என்பார்.

மார்க்கெட்டுக்குப் போய் வந்த வாரம், படப்பிடிப்பில் 'மலடி' என்ற சொல் மறுபடி வந்திருக்கிறது. உதவி இயக்குநர் படித்தார். இவர் சொல்லவில்லை. இன்னொரு முறை படித்தார். இவர் வேறு ஏதாவது மாற்றித் தரச் சொன்னார். பத்து நாளில் நாத்தனார் கார் விபத்தில் செத்துப்போனாள். வரவேற்பறைச் சுவரில் மாலை போட்ட படம் வந்தது. "மால போட்ட போட்டோவுக்கு வசனம் கெடையாது சார். நிம்மதி."

இப்படித்தான் சொந்த ஊருக்குத் திரும்பி வந்து எங்களிடம் வேலை கேட்டார். எங்கள் ஆசிரியர் அவரைச் சேர்த்துக்கொண்டது எழுத்துக்காக அல்ல. முதல் கட்டுரைக்குக் கீழே 'உங்கள் நாத்தனார்' என்று போடலாம் என்று யோசனை சொன்னார். "அப்ப பேரே போடாதீங்க சார்" என்றார் இவர். முதல் ஆறு மாதம் பெயர் இல்லாமல்தான் எழுதினார். பிறகு சொந்தப் பெயர் வந்தது. அன்றைக்கு நான்கு பிரதிகள் வாங்கிக்கொண்டு போனார். அவர் எதற்காகவாவது ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அவர் பேட்டி எடுப்பதை ஒரே ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு முதியவர். ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். பழைய கட்டடங்களை இடிப்பதைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்கப் போனோம். முதியவர் "எனக்கு..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். என் நாக்கு துடித்தது. 'வருத்தமாக இருக்கிறது' என்று முடித்துக் கொடுத்தால் அடுத்த வேலையைப் பார்க்கலாம். இவர் அசையவில்லை. முதியவரின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பேருந்து தெருமுனையில் வந்து, ஆள் இறக்கி, கிளம்பிப் போகிற நேரம் ஆயிற்று.

"எனக்கு மாசமானா பிரான்சுலேர்ந்து பென்சன் வருது. பேசத்தான் ஒருத்தனும் வர்றதில்ல. நீங்க கட்டடத்தப் பத்திக் கேக்குறீங்க" என்றார் முதியவர்.

வெளியே வந்ததும் கேட்டேன், ஏன் முகத்தைப் பார்க்கவில்லை என்று.

"மொகத்தப் பாத்தா அவங்களுக்கு அவசரமாயிடும் சார். கையப் பாத்தா நமக்கும் பொறும வரும்."

இனி டிபன் பாக்ஸ் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

ஊருக்கு மேற்கே ஒரு தொழிற்சாலையில் இயந்திரத்தில் சிக்கி ஒருவர் இறந்துபோனார். இவர் அந்த வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். இவர் அனுப்பிய செய்தியில் இறந்தவரின் மனைவி சொன்னதாக இருந்தது ஒரே வாக்கியம்: "டிபன் பாக்ஸ மட்டும் குடுத்துட்டாங்கன்னா கழுவி வெச்சிடுவேன்." அதையே தலைப்பாக வைக்கச் சொல்லி ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்.

நான் அதைப் படித்தேன். மாலைப் பதிப்பு நெருக்கடி. மற்ற பத்திரிகைகள் பெரிதாகப் போடப் போவது தெரியும். கணவன் செத்துக் கிடக்கும்போது பாத்திரம் கழுவுகிற பேச்சு எனக்கு அற்பமாகத் தெரிந்தது. அந்த வரியை எடுத்துவிட்டு இப்படிச் சேர்த்தேன்: 'என் கணவரின் சாவுக்கு நிர்வாகமே காரணம் என்று அவர் கதறி அழுதபடி கூறினார்.' பொய் எழுதுகிறோம் என்று தோன்றவில்லை. எந்த மனைவியும் அப்படித்தான் சொல்வாள் என்று நினைத்தேன். மேலே இவருடைய பெயர் இருந்தது.

ஐந்தாம் நாள் அந்தப் பெண் அலுவலகத்துக்கு வந்தார். கையில் எங்கள் பத்திரிகை. வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே இவரிடம் பேசினார்.

"நான் எப்பம்மா அப்பிடி சொன்னேன்? டிபன் பாக்ஸுதானே கேட்டேன்? பேக்கிங் செக்‌ஷன்ல எனக்கு வேல தர்றேன்னு சொல்லியிருந்தாங்கம்மா. இன்னிக்குப் போனா கேட்டுலயே நிறுத்திட்டு இந்தப் பேப்பரக் காட்டுறான். எங்களத்தான் கொலகாரன்னு சொல்லிட்டியே, எங்ககிட்டயே இன்னாத்துக்கு வேலைக்கு வர்றங்கறான். ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சிக்கினு நான் எங்க போவேன்?"

இவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தப் பெண் உட்காரவில்லை.

"ரெண்டு மணி நேரம் பக்கத்துல ஒக்காந்தியேன்னு நம்பித்தானே பேசுனேன்? நாடகத்துல பண்ணதையே எனக்கும் பண்ணிட்டியே."

என் மேசை அங்கிருந்து மூன்றாவது. எல்லாம் கேட்டது. நான் எழுந்து நான்கு அடி நடந்திருந்தால் போதும். நான் எழுதினேன், இந்தம்மாவுக்கு அது தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். கணினித் திரையில் ஏற்கெனவே திருத்திய ஒரு செய்தியை மறுபடி திருத்திக்கொண்டிருந்தேன்.

இவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எம் பேர்ல வந்திருக்கும்மா. நாந்தான் பொறுப்பு. நாளைக்குக் காலைல நானும் உங்ககூட அந்த கேட்டுக்கு வர்றேன்" என்றார்.

சொன்னபடி போனார். அடுத்த வாரமும் போனார். உள்ளே விடவில்லை. அந்த வேலை கிடைக்கவே இல்லை. எங்கள் பத்திரிகையில் ஆறாம் பக்கத்தில் நான்கு வரி திருத்தம் வந்தது. அந்த நான்கு வரியையும் நான்தான் எழுதினேன்.

அந்தப் பெண் வந்துபோன அன்று மாலை இவர் என் மேசைக்கு வந்து நோட்டைத் திறந்து வைத்தார். அந்த வீட்டில் எழுதிய பக்கம். டிபன் பாக்ஸ் வரி இருந்தது. ஓரத்தில் சுழி இல்லை. நான் படித்து முடிக்கும்வரை நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, விசைப்பலகை மேல் இருந்த என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிறார் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. அவர் எடுத்துக் கொடுக்க மாட்டார் என்பதும் தெரியும். "ஏழாம் பக்கம் முடிக்கணும் மேடம்" என்றேன். நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். அந்தப் பேச்சு வரவில்லை. டீ வந்தால் எனக்கும் சேர்த்து வாங்கி வைப்பார். என் மகள் கல்யாணத்துக்கு வந்து கடைசிப் பந்திவரை இருந்தார்.

நான் ஓய்வு பெற்ற மறு வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. போயிற்று என்று சொல்வது சரியல்ல. பார்க்கப் போனபோது, "சாருக்கு வணக்கம் சொல்லுக்கா" என்றார் அவருடைய தங்கை. "வணக்கம்" என்றார் தெளிவாக.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் எனக்கு விளக்கினார். "சொல்றது எல்லாம் அவங்களுக்குப் புரியுது சார். நீங்க சொன்னா திருப்பிச் சொல்லிடுவாங்க. தானா ஒன்னு சொல்லணும்னாதான் வர்ல. தயவு பண்ணி யாரும் எடுத்துக் குடுக்காதீங்க. வெயிட் பண்ணுங்க. பத்து நிமிஷம் ஆனாலும் அவங்களே தேடி எடுக்கட்டும். அப்பிடித்தான் திரும்ப வரும்."

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தங்கை நல்லவர். வேலைக்கும் போய்க்கொண்டு அக்காவையும் பார்த்துக்கொண்டார். காத்திருக்க அவருக்கு நேரமில்லை. "இட்லி வேணுமா, உப்புமா வேணுமா?" என்று கேட்பார். "உப்புமா" என்பார் இவர். கடைசியாக எந்தச் சொல் காதில் விழுகிறதோ அது.

"பாத்தீங்களா சார், டெய்லி உப்புமாதான் கேக்குறா. ஷூட்டிங்ல சாப்ட்டுப் பழகுன நாக்கு."

எனக்குத் தெரிந்து அவருக்கு உப்புமா பிடிக்காது. அலுவலகக் கேன்டீனில் உப்புமா போட்ட அன்று வெளியே போய் பன் வாங்கிச் சாப்பிடுவார். தங்கையிடம் அதைச் சொன்னேன். "அப்பிடியா? அவளே கேக்குறாளே சார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போக ஆரம்பித்தேன். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். எதிர்ச் சுவரில் தெருப் பெயரைத் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய நீலப் பலகை. இரண்டாவது ஞாயிறு, என்னைப் பார்த்ததும் இடது கை விரல்கள் நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்தன.

"அந்த..." என்றார்.

யாரும் சொல்லிக் கொடுக்காமல் வந்த சொல். தங்கை சமையலறையிலிருந்து ஓடி வந்தார். "எந்த? அந்த ஜன்னலா? சாத்தணுமா?"

"சாத்தணுமா" என்றார் இவர். தங்கை சாத்தினார். இவருடைய கண் என்மேல்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறும் "அந்த..." அதற்கடுத்த ஞாயிறும். "ஒங்களப் பாத்தாதான் சார் இது வருது. எங்ககிட்ட ஒருநாளும் சொன்னதில்ல" என்றார் தங்கை. என்னிடம் சொல்ல ஏதோ இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது என்ன என்பதிலும் சந்தேகம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். தங்கையைத் தடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் செய்ததுபோலக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது ஞாயிறுவரை அப்படிப் போயிற்று.

ஐந்தாவது ஞாயிறுக்கு வருமுன் அவருடைய சாவு வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது இரண்டு மாதம் கழித்து. இரண்டாவது முறை வந்த பக்கவாதத்தில் போய்விட்டார். வாசலில் மீன்காரம்மா உட்கார்ந்து, "ஏ நாத்தனாரே, எழுந்து ஒரு வார்த்த திட்டிட்டுப் போடி" என்று அழுதுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸ் பெண். ஒரு பெண்கள் விடுதியின் சமையலறையில் வேலை செய்கிறாராம். அந்த இடத்தைத் தேடிக் கொடுத்தது இவர்தானாம். அது எனக்கு அன்றுதான் தெரியும்.

"அந்தப் பேப்பர்ல இவங்க அப்பிடி எழுதலைன்னு எனக்குப் பின்னால தெரிஞ்சிபோச்சி சார்" என்றார் அந்தப் பெண் என்னிடம். "இவங்க நோட்ட நானே பாத்தேன். யாரு எழுதுனது அக்கான்னு எத்தன வாட்டி கேட்டிருப்பேன். வாயே தொறக்கல. நீங்களும் அங்கதானே வேல பாத்தீங்க, ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.

ஐந்தாவது ஞாயிறு தங்கை வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அறையில் நாங்கள் இருவரும்தான். விரல்கள் தட்டின. "அந்த..." என்றார். நான் கையைப் பார்த்தேன். "அந்த..." உதடு அடுத்த எழுத்துக்குக் குவிந்து, கலைந்து, மறுபடி குவிந்தது. ஏழு நிமிடம் இருக்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஏதோ வரப்போகிறது என்று எனக்குப் பட்டது. அப்போது நான் தலையைத் தூக்கி முகத்தைப் பார்த்துவிட்டேன். நெற்றி முழுக்க வேர்த்திருந்தது. கண் நிறைந்திருந்தது.

"அந்த டிபன் பாக்ஸ் விஷயமா மேடம்?" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். தலை அசையவில்லை.

"நான் அன்னிக்கு எழுந்து வந்து சொல்லியிருக்கணும். சொல்லல. நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு எனக்குத் தெரியும் மேடம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "பரவால்ல, விடுங்க சார்" என்றேன், அவருடைய குரலில் சொல்வதுபோல.

ஒரு நொடி.

"பரவால்ல, விடுங்க சார்" என்றார்.

திக்கல் இல்லை. தேடல் இல்லை. எந்த இடத்தில் நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, கடைசியில் லேசாக இறக்கி, ஒரே டேக். அந்த 'சார்' கூட நான் கொடுத்ததுதான். நாற்காலிக் கையில் விரல்கள் நின்றுவிட்டன.

தங்கை ஈரத் துணியோடு உள்ளே ஓடி வந்தார். "பேசிட்டா! எனக்குக் கேட்டுது சார், முழுசாப் பேசிட்டா! என்ன சார் சொன்னா?"

"பரவால்ல, விடுங்க சார்னு சொன்னாங்க."

"தானாவேவா?"

"தானாவே" என்றேன்.

இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் சில ஞாயிறுகள் போனேன். என்னைப் பார்த்தால் அந்த "அந்த..." வரவில்லை. தங்கை சொன்னால் வணக்கம் என்பார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது, "ஒங்க ஆபீஸ் சம்பந்தமானது, நீங்களே வெச்சிக்குங்க சார்" என்று தங்கை அவருடைய நோட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். கடைசி நோட்டில் பாதிக்கு மேல் வெறும் தாள். பக்கவாதம் வருவதற்கு முதல் நாள் ஒரு குடிநீர்ப் பிரச்சினைக்காக எழுதியதோடு நிற்கிறது. அதற்கு அடுத்த பக்கத்தில் அவர் என்னிடம் சொன்ன வாக்கியத்தை எழுதினேன். ஓரத்தில் பென்சிலால் சுழி போட்டேன்.